சுவரில் ஆடிய சிவப்பு வெளிச்சம்

என் வீட்டுக்காரருக்கு வலது கண்ணில் பார்வை கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே, சோமனூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்தபோது நூலோடு குறுக்கே ஓடும் நாடாக் கட்டை தெறித்து வந்து அடித்துவிட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணை வைத்துத்தான் தறி மெக்கானிக் ஆனார். அந்தக் கண்ணை அவர் காத்த விதம் எனக்குத்தான் தெரியும். வெல்டிங் பட்டறையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். மகள் கம்பி மத்தாப்புப் பிடித்தால்கூட, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பக்கத்தில் நிற்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் சாவிக்கொத்தில் மாட்டுகிற லேசர் லைட் கோயமுத்தூர் நடைபாதைகளில் விற்பனைக்கு வந்தது. எங்கள் வீட்டுக் கொலுவுக்காக ஒன்று வாங்கி வந்தார். பழைய ஸ்பீக்கரின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, அதன்மேல் கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டினார். பாட்டு ஓடினால் சில்லு அதிரும். அதில் பட்ட சிவப்பு வெளிச்சம் சுவரில் வளையமாகவும் பூவாகவும் சுழலும். மகள் கைதட்டிக் குதித்தாள். சுண்டல் வாங்க வந்தவர்கள் பொம்மைகளை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்தார்கள்.

பலூன் தினமும் தளர்ந்துபோகும். சாயங்காலமானால் அவர் குனிந்து, சில்லுக்கு நேராகக் கண்ணை வைத்து, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று உற்றுப் பார்த்துத் திருப்பி வைப்பார்.

"ஏனுங்க, அதையப் போய் இத்தனை கிட்டத்துல பாக்கறீங்க?"

"பொம்மை லைட்டு அம்மணி. சூடே இல்ல பாரு," என்று உள்ளங்கையில் அடித்துக் காட்டினார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

விஜயதசமி முடிந்து பொம்மைகளை எடுத்து வைத்தபோது, அவர் செட்டியார் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இதுக்கு மூஞ்சி அழிஞ்சு போச்சா?"

வாங்கிப் பார்த்தேன். மீசையும் பொட்டும் பளிச்சென்று இருந்தன. நான் நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"உன்ற மூஞ்சியும் தெரியல அம்மணி. நடுவுல ஒரு கறை நிக்குது."

கண் டாக்டர் நெடுநேரம் சோதித்தார். வலித்ததா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றார் இவர். "வலிக்காதுங்க. அதுதான் இதுல ஆபத்து," என்றார் டாக்டர். "சின்ன லைட்டுதான், ஆனா சிதறாம கோடா வருது. கண்ணு அதைய இன்னும் சுருக்கி, உள்ளே ஒரே புள்ளியில குவிச்சுடும். சட்டுனு இமைச்சுத் திரும்பினா தப்பிச்சுக்கலாம். நீங்க இமைக்காம பார்த்திருக்கீங்க. கண்ணாடியில பட்டு வந்தாலும் நேரா பார்த்த மாதிரிதான்."

"தேறுமுங்களா?"

"கொஞ்சம் தேறலாம். முழுசா வராதுங்க."

அவருக்கு ஓரப் பார்வை இருந்ததால் நடமாட்டத்துக்குக் குறையில்லை. ஆனால் அறுந்த இழையைத் தேடினால் அது அந்தக் கறைக்குள் போய்விடும். தறிவேலை போயிற்று. பழைய முதலாளி துணி மடிக்கும் வேலை கொடுத்தார்.

அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுக் கொலுவில் அதே மாதிரி லைட் வைத்தார்கள். அவர் நேராக உள்ளே போனார். "கோவிச்சுக்காதீங்க. இதைய ஆள் உசரத்துக்கு மேல கட்டிப்போடுங்க. கொழந்தைங்க மொகத்துக்கு நேரா வரக்கூடாது. லைட்டையும் சில்லையும் அட்டைப் பெட்டிக்குள்ள வெச்சு, சுவத்துப் பக்கம் மட்டும் தொறந்து உடுங்க. அணைக்காம யாரும் கிட்டப்போய்ப் பாக்க வேண்டாம்." சொன்னதோடு நிற்காமல், அவர்கள் ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டும்வரை நின்றிருந்தார்.

அந்த வருஷப் பள்ளி ஆண்டு விழாவில் மகள் ஆடினாள். நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஆடி முடித்துச் சலங்கையோடு ஓடிவந்தவள் என் மடியில் முகம் புதைத்து அழுதாள்.

"அப்பா என்னையப் பாக்கவே இல்ல. கதவையே பாத்துட்டிருந்தாரு."

அவர் அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உன்னையத்தான் கண்ணு பாத்தேன். அப்படித் திரும்பினாத்தான் அப்பாவுக்கு நீ தெரிவே."

அவளுக்கு அது புரியவில்லை. அவர் தாடையைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே திருப்பி, "இப்பப் பாருங்க," என்றாள். அவரும் அவள் திருப்பிய பக்கமே அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.