சேலையூரில் பதினெட்டு டிகிரி

போன வாரம் எங்கள் சேலையூரில் பதினெட்டு டிகிரி. சிரிக்காதீர்கள்... என் லேப்டாப் அப்படித்தான் சொன்னது.

மழைக்காலம் வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. எங்கள் தெரு பள்ளம். வானம் கறுத்தாலே எங்கள் அபார்ட்மென்ட்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு மேம்பாலத்துக்கு ஓடுவார்கள், ஓரமாக இடம் பிடிக்க. கொஞ்சம் தாமதித்தால் இடம் கிடைக்காது. டி.வி.யில் ‘ஓரிரு இடங்களில்’ என்பார்கள். அந்த ஓரிரு இடத்தில் எங்கள் தெரு உண்டா, இல்லையா? அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்!

ஆகவே ஆன்லைனில் ஒரு குட்டி வானிலை நிலையம் வாங்கி மொட்டை மாடியில் மாட்டினேன். அதன் சாஃப்ட்வேர் லினக்ஸில் நன்றாக ஓடும் என்றான் பெங்களூரில் இருக்கும் என் மச்சினன். பழைய லேப்டாப்பில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டேன். கறுப்புத் திரை வந்தது. பாஸ்வேர்டு அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டதா? போட்டேன் மச்சினனுக்கு ஒரு போன்.

“மாமா, அது அப்படித்தான், காட்டாது. அடிச்சிட்டு என்டர் தட்டுங்க.”

தட்டினேன். அடுத்து கேள்விகள். ஊர் எது, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், எந்தக் கருவி... எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள்கூட இத்தனை கேட்டதில்லை. பொறுமை போய்விட்டது. எல்லாவற்றுக்கும் என்டர் — என்டர் — என்டர். ஆஹா, எண்கள் வந்துவிட்டன! காற்று, ஈரப்பதம், மழை, எல்லாம்.

“பதினெட்டு டிகிரியா? நாம தாம்பரம் பக்கத்துல இருக்கோமா, ஊட்டியிலயா?” என்றாள் மனைவி, முந்தானையால் விசிறிக்கொண்டே.

“மெஷின் தப்பு சொல்லாது” என்று எரிந்து விழுந்தேன்.

வியாழக்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. தரைத்தளத்தில் இருக்கும் ஸ்டெல்லா டீச்சர் போன் செய்தார். அவர் கணவர் சேவியர் சாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடக்கிறார். முன்பொரு பெருமழையில் அவர்கள் வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. எங்கள் கட்டடத்தில் லிஃப்டும் கிடையாது.

“சார், உங்க மெஷின் என்ன சொல்லுது? தண்ணி வர்றதுக்குள்ள இவரை மாடிக்குக் கூட்டிட்டுப் போயிடவா? படி ஏறினா வலியில துடிக்கிறாரு... தேவையில்லன்னா விட்டுடறேன்.”

திரையைப் பார்த்தேன். “ரெண்டே மில்லிமீட்டர் டீச்சர். வெறும் தூறல். நிம்மதியா இருங்க.”

அதோடு விட்டேனா? ‘யாரும் காரை எடுக்க வேண்டாம்’ என்று அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப்பிலும் போட்டேன்.

வெளியே சத்தம் பலமாகத்தான் இருந்தது. எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி திரையைப் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர். ஜன்னலைத் திறந்து பார்க்க வேண்டியதுதானே என்கிறீர்களா? சாரல் லேப்டாப்பில் அடிக்கும் என்று அதை நானே இறுக்கிச் சாத்தி வைத்திருந்தேன்.

மீண்டும் போன். “சார்! தண்ணி வாசப்படி தாண்டி உள்ள வந்துடுச்சு!”

ஓடினேன். முழங்கால் தண்ணீரில் நான்கு பேர் சேர்ந்து, சேவியர் சாரைப் பிளாஸ்டிக் சேரோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு படிக்கும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. என் கார் உட்பட எல்லாக் கார்களும் தண்ணீரில் நின்றன.

மறுநாள் மச்சினன் பெங்களூரில் இருந்தபடியே என் லேப்டாப்புக்குள் நுழைந்து பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான்.

“மாமா, எந்தக் கருவின்னு கேட்டதுக்கும் என்டர் தட்டிட்டீங்களா? அதுல முதல்ல இருக்கறது சிமுலேட்டர். டெஸ்ட் பண்றதுக்காக, அதுவா கற்பனையா நம்பர் போட்டுக்கிட்டே இருக்கும்.”

அதாவது — மொட்டை மாடிக்கும் லேப்டாப்புக்கும் பேச்சுவார்த்தையே இல்லை! தூறல், குளிர், காற்று எல்லாம் அதுவாக அளந்துவிட்ட கதை. அதை நம்பி நான் ஊருக்கே உத்தரவு போட்டிருக்கிறேன். நாம் எதைத்தான் படித்துப் பார்க்கிறோம்? பேங்க் ஆப்பில் கட்டம் கட்டமாகக் கேட்டாலும் ‘ஓகே’, எந்த ஆப் எதைக் கேட்டாலும் ‘அலவ்’. அடுத்த பக்கம் போக அவ்வளவு அவசரம். போய் என்ன செய்யப்போகிறோம் என்றுதான் தெரியாது.

இப்போது கருவியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. மழைமானியில் ஒரு மக் தண்ணீர் ஊற்றியும் பார்த்தேன். திரையில் எண் ஏறியது. சேலையூரும் முப்பத்தொன்றுக்குத் திரும்பிவிட்டது.

நேற்று மறுபடி வானம் கறுத்தது. ஸ்டெல்லா டீச்சர் போன்.

“சார், உங்க மெஷின் என்ன சொல்லுது?”

“மழையே இல்ல டீச்சர். பூஜ்யம்!” என்றேன், கம்பீரமாக.

போனை வைக்குமுன் அவர் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தது என் காதில் விழுந்தது:

“என்னங்க, கிளம்புங்க... மாடிக்குப் போயிடலாம்!”