செல்விக்குக் கொடுக்காத ஒரு மணி நேரம்

புயல் ஓய்ந்த மறுநாள் காலை, என் வயிற்றிலிருந்து பைக்குள் வடிந்த நீர் அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. கூடவே குளிர் நடுக்கம்.

என் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் (குழாய் வழியே மருந்துநீரை வயிற்றில் நிரப்பி, கழிவோடு வெளியேற்றுவது) நடக்கிறது. தினம் மூன்று முறை பை மாற்ற வேண்டும். மாற்றுவது என் மனைவி செல்வி. அரசு மருத்துவமனை நர்ஸ். எனக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவள் இருக்கிறாளே என்று அசட்டையாக இருந்துவிட்டேன்.

புயல் எச்சரிக்கை வந்ததும் செல்வியின் மேலதிகாரி போன் செய்தார். "கட்டாய டூட்டி சிஸ்டர். ஒடனே கெளம்புங்க."

"வீட்டுக்காரருக்குப் பை மாத்தணும் சார். ஒரு ஆள ஏற்பாடு பண்ணிட்டு வாரேன். ஒரு மணி நேரம் குடுங்க."

"எல்லார் வீட்டுலயும் ஒரு கதை இருக்கு. வரலைன்னா மெமோதான்."

அவள் போனாள். எங்கள் ஊர் கீரமங்கலத்தைச் சுற்றி சாலையெங்கும் தென்னை சாய்ந்தது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, போனும் செத்துப்போனது. குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு நானே பை மாற்றினேன்.

மறுநாள் நீர் கலங்கியதும், பக்கத்து வீட்டு சேவியர் என்னை பைக்கில் ஏற்றி, மரங்களைச் சுற்றிச் சுற்றி அவள் மருத்துவமனைக்கே கொண்டுபோனார். பெரிட்டோனைட்டிஸ் (வயிற்று உட்சவ்வில் கிருமித்தொற்று) என்றார் டாக்டர். "கைய சோப்புப் போட்டுக் கழுவுனீங்களா?" என்று அவர் கேட்டபோது எரிச்சல்தான் வந்தது.

அந்த இரண்டு நாளில் செல்வி மூன்று பிரசவம் பார்த்திருந்தாள். தூங்கவே இல்லை.

"ஒன்னய யாரு போகச் சொன்னா?" என்று கத்தினேன்.

"ஆர்டருக்குப் பயந்தா வந்தேன்? ஆர்டர் இல்லாட்டியும் வந்திருப்பேங்க. சேவியரண்ணன் பொண்ணு நர்சிங் படிக்கிது. அதுக்கிட்ட ஒங்கள ஒப்படைச்சிட்டு வந்திருப்பேன். அந்த ஒரு மணி நேரத்தத்தான் குடுக்கல."

நர்ஸ் பேரிடரில் வேலைக்கு வரத்தான் வேண்டும் என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அந்த மூன்று தாய்மார்களிடம் போய் நான் என்ன சொல்ல முடியும்? அவள் வீட்டில் கிடப்பவனை யார் பார்ப்பது என்று மட்டும் கேட்கிறேன்.

மூன்று வாரம் மருந்து ஏற்றினார்கள். இப்போது நானே பை மாற்றுகிறேன். செல்வி தள்ளி நின்று குறை சொல்கிறாள். இந்த வயிறு என்னுடையது என்பதே எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. நாளை, அடுத்த வாரம் என்றெல்லாம் யாராவது பேசினால் மனதில் ஏறுவதில்லை. அடுத்த பை வரைக்கும்தான் என் காலம் நீள்கிறது.