மாட்டுச்சாளைச் சிரிப்பு

பேத்தி ஏதோ காதல் நாவலைப் படித்தபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஐம்பதுகளின் கொழிஞ்சாம்பாறை வீடும், மாட்டுச்சாளையின் ஈர வைக்கோல் வாசனையும் நினைவுக்கு வந்துவிட்டன.

இருபது வயதில் புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்ட அத்தை, பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சாக்கு ஊசியால் தைத்து அந்தச் சாளையில் ஒளித்துவைத்துப் படிப்பாள். கதாநாயகி துடுக்காகப் பேச வேண்டும், கடைசியில் கல்யாணம் நடக்க வேண்டும். இல்லையென்றால் அவளுக்கு அது கதையே இல்லை.

"அழுகற கதை நமக்கெதுக்கு கண்ணு? அதுதான் ஊடு பூராவும் கெடக்குதே" என்று முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஒருநாள் சாப்பிடும்போது, "அத்தை கதை படிச்சுத் தனியாச் சிரிக்கறாங்கப்பா" என்று உளறிவிட்டேன். மறுநாள் அத்தனையும் வெந்நீர் அடுப்பில் எரிந்தன. அத்தை என்னைத் திட்டவில்லை. அதன்பின் அவள் சிரித்து நான் கேட்கவும் இல்லை.

"கையை எடுத்துட்டுச் சிரி கண்ணு" என்றேன் பேத்தியிடம்.