சுவர் இல்லாத வாசக்கால்

புறம்போக்கு நிலத்தில் நட்ட எதையும் பிடுங்குவதற்கு முன் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீசுக்கு விளக்கம் வாங்க வேண்டும். விளக்கத்தைப் படித்துப் பதில் தர வேண்டும். விதி அவ்வளவுதான். வருவாய்த் துறையில் முப்பது வருடம் கோப்பு புரட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் இரண்டையும் எல்லோரும் ஒழுங்காகச் செய்துவிடுவார்கள்.

இதை இப்போது எழுதவைத்தது என் விலா. போன மாதம் இருமி இருமி நெஞ்சில் குத்தல் வந்தது. இருதயத்தில் ஒன்றும் இல்லை என்று இசிஜி எடுத்துப் பார்த்த பிறகு, திண்டிவனத்தில் பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் அனுப்பினார்கள். அவள் கதவோரம் நின்று, "இப்டி ரெண்டு கையும் வாசக்கால்ல வெச்சி முன்னாடி சாயணும் மேடம்" என்று ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் நான் செய்து காட்டினேன். பதினொரு வயதில் கற்றது.

அந்த வயதிலும் இருமல்தான் தொடக்கம். இருமல் நின்ற பிறகும் குடம் தூக்கினால் வலித்தது, சிரித்தால் வலித்தது. இருதயத்தில் ஓட்டை என்று எங்கள் தெரு ஒருமனதாகத் தீர்மானித்தது. அம்மா என் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, "வலி நின்னாத்தான் இனிமே பள்ளிக்கூடம்" என்றாள்.

அம்மாவின் தம்பி, விக்கிரவாண்டிப் பக்கம் கொத்தனார்களுக்குக் கையாள் வேலை பார்த்த மாமா, என்னை விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். டாக்டர் வெகுநேரம் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு நெஞ்செலும்பின் ஓரத்தில் ஒரு விரலால் அழுத்தினார். நான் கத்தினேன். அவருக்குத் திருப்தி.

"இருதயம் நல்லாருக்கு. விலா எலும்பு வந்து சேர்ற எடத்துல குருத்தெலும்பு இருக்குது. அதுல அழற்சி" என்றார். கொஞ்ச நாள் குடம் தூக்கக்கூடாது. சூடான ஒத்தடம். அப்புறம் காலையும் மாலையும் வாசலில் நின்று, முழங்கையை இரு பக்கமும் ஊன்றி, மெதுவாக முன்னால் சாய்ந்து, முப்பது எண்ணும்வரை மூச்சை இழுத்து விட வேண்டும். வலிக்கும்வரை போகக்கூடாது.

வைத்தியம் சுலபம்தான். ஆனால் எங்கள் குடிசையின் வாசல் குனிந்து நுழையும் உயரம். அதில் நின்று சாய்ந்தால் கூரைதான் நெற்றியில் இடிக்கும். போதாததற்கு அம்மா, "வெளக்கு வெக்கிற நேரத்துல வாசல அடச்சிகினு நின்னா வூடு வெளங்குமாடி" என்றாள்.

மாமா யோசித்தார். குடிசைக்குப் பின்னால் ஒரு வேப்பமர வாசக்கால் வருடக்கணக்காகக் கோழிகள் உட்காரக் கிடந்தது. எங்கோ இடித்த கட்டடத்திலிருந்து அவரே கொண்டுவந்து போட்டது. ஒரு புதன்கிழமை விடிவதற்கு முன் அதைக் குடிசையின் பக்கத்துக் காலி இடத்தில் குழி தோண்டி நட்டுவிட்டார். முன்னாலும் வெட்டவெளி, பின்னாலும் வெட்டவெளி. அம்மா அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, குழியில் நவதானியம் போட்டாள். என் நெஞ்சு சீக்கிரம் ஆறவேண்டும் என்று எவ்வளவு அக்கறை என எனக்குப் பெருமையாக இருந்தது.

பத்தாம் நாள் கணக்குப்பிள்ளை வந்தார். நான் அப்போது வாசக்காலில் தொங்காத குறையாகச் சாய்ந்து பதினெட்டு எண்ணியிருந்தேன்.

"இன்னாய்யா இது? புறம்போக்குல வூடு கட்றியா?"

"வூடு இல்லீங்க, வைத்தியம்" என்றார் மாமா. "பாப்பாவுக்கு நெஞ்செலும்புல நோவு. இதுல நிக்கச் சொல்லிகிறாரு டாக்டரு."

"வாசக்கால் வெச்சா பின்னாலயே சொவரு வருமே."

"சொவருக்கு இன்னாங்க நோவு, அது எதுக்கு வருது."

கணக்குப்பிள்ளை சிரிக்கவில்லை. நோட்டீஸ் வந்தது. பிடுங்கிவிடுவார்கள், பை ஆணியிலேயே இருக்கும் என்று நான் அழுதேன். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தை வேறு, "ஒரு கட்டைக்குப் போயி கவர்மெண்டோட பேஜாரு பண்ணிக்கினியே" என்று மாமாவைக் கேட்டாள்.

மாமா சொல்லச் சொல்ல நான்தான் விளக்கம் எழுதினேன். மேற்படி வாசக்கால் மருத்துவ உபயோகத்துக்கானது, சிகிச்சை நடைபெறுகிறது, டாக்டர் சீட்டின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. அப்பா கையெழுத்துப் போட்டார். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் மாமா அலுவலகத்தை விட்டு நகரவில்லை. ஆனால் அதன் பிறகு ஒருமுறைகூட அந்தப் பக்கம் போகவில்லை. பதில் என்ன ஆயிற்று என்று கேட்டுவரச் சொல்லி நான் நச்சரித்தேன்.

"கேட்டா குடுத்துடுவாங்கடி. உன் வேலையப் பாரு, முப்பது எண்ணு" என்றார்.

எண்ணினேன். ஆறு வாரத்தில் குத்தல் குறைந்தது, பிறகு நின்றது. பை ஆணியிலிருந்து இறங்கியது. ஆனாலும் சாய்வதை நிறுத்த வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் வற்புறுத்தினார்கள். பனிக்காற்று ஆகாது என்று வாசக்காலுக்கு ஒரு பக்கம் ஓலைத் தட்டி வந்தது. மழையில் நனைந்தால் இருமல் திரும்பும் என்று மேலே கூரை வந்தது. தட்டி இருந்த இடத்தில் மண்சுவர் எழுந்தபோது நான் எட்டாம் வகுப்பு. நோயாளிக்கு இவ்வளவு வசதி செய்து தரும் குடும்பம் உலகத்தில் இல்லை என்று உண்மையாகவே நம்பினேன்.

வீட்டுமனை கேட்டு அப்பா கொடுத்த மனு அப்போது நான்கு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மனை கிடைத்தால் நடுவதற்கென்றே அந்த வாசக்காலை மாமா கொண்டுவந்து போட்டிருந்தார் என்பதும் தெரியாது. விளக்கம் நிலுவையில் உள்ளவரை கைவைக்க மாட்டார்கள் என்பதை ஐந்தாவதுகூடத் தாண்டாத அவர் எங்கே படித்தார் என்பது எனக்கு இன்றும் தெரியாது. அம்மா நவதானியம் போட்டது என் விலாவுக்காக இல்லை என்பது மட்டும் பின்னால் புரிந்தது.

இப்போதும் அதே வாசக்காலில்தான் சாய்கிறேன். சுவர்கள் மட்டும் செங்கல்லுக்கு மாறிவிட்டன. முப்பது எண்ணி முடிக்கையில் நெஞ்சு லேசாகத் திறக்கிறது.

அந்த விளக்கத்துக்குப் பதிலும் ஒருநாள் வந்தது. "மருத்துவ உபயோகம் என்ற தங்கள் விளக்கம் ஏற்கத்தக்கதல்ல. நேரில் பார்வையிட்டதில் மேற்படி இடத்தில் குடியிருப்பு வீடு இருப்பது தெரிய வருவதால், வீட்டுமனைப் பட்டா இத்துடன் வழங்கப்படுகிறது." தலையாரி அதை வாசலில் நின்று நீட்டினார். எனக்குப் பதினேழு வயது. பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம்.