ஏழாம் கிணறும் பதினோராம் கிணறும்

பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் நான் செய்த ஆய்வு எங்கள் பீடத்தின் மாணவர் ஆய்விதழில் வந்தது. தோட்டத்துக்குப் போடும் உரம் புத்தூர் வீட்டுக் கிணறுகளில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் விடயம். அந்த இதழை எழுதினவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் தவிர வேறு ஒருவரும் வாசிப்பதில்லை என்று நானே பகிடி பண்ணியிருக்கிறேன். பிறகு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போய்விட்டேன்.

போன வருடம் வேறொரு பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஒரு பெண், தன் கட்டுரையில் என்னுடையதை மேற்கோள் காட்டியிருந்தாள். என் அட்டவணையைப் பார்த்துத்தான் தன் கிணறுகளைத் தெரிந்தெடுத்தாளாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு, அன்று எனக்குத் தண்ணீர் அள்ளித் தந்த புத்தூர் அக்காவிடம் ஓடினேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டு அட்டவணையை விரல் வைத்துப் பார்த்தார்.

"உந்த ஏழாவது எங்கடை கிணறு. பதினோராவது ஆற்றை வீட்டுக் கிணறு?"

"பின் ஒழுங்கையிலை, பச்சைக் கேற் வீடு அக்கா."

"அது என்ரை மச்சாள் வீடெல்லே. ரெண்டும் ஒரு கிணறு தான் பிள்ளை. பங்குக் கிணறு. நடுவாலை வேலி போகுது."

அட்டவணையை வாங்கி அந்த இரண்டு வரிகளையும் திரும்பப் பார்த்தேன். குளிக்கும்போது மறைப்புக்காகக் கிணற்றின் குறுக்கே பின்னிய தென்னோலைக் கிடுகு கட்டியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் ஒரு மாதமும் மறுபக்கத்தில் அடுத்த மாதமும் தண்ணீர் எடுத்திருக்கிறேன். "உங்கடை கிணறோ?" என்று கேட்டபோது இரண்டு வீட்டாரும் "ஓம்" என்றார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் காணி உறுதியில் பங்கு இருக்கிறது. நான் பிறந்த வீட்டிலும் பங்குக் கிணறுதான். இந்த மூளையை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

என் மானம் போனால் போகட்டும். என்னை நம்பி எழுதிய அந்தப் பிள்ளையின் பட்டம் போய்விட்டால்?

அன்று பின்னேரமே அவளுக்கும் இதழாசிரியருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். இதழாசிரியர் என்னைப் படிப்பித்த விரிவுரையாளர். உடனே தொலைபேசி எடுத்தார். "திருத்தம் போடுவம். இதிலை ஒளிக்க என்ன கிடக்கு" என்றார். அவளிடமிருந்து மட்டும் மூன்று நாளாகப் பதில் இல்லை. அந்த மூன்று நாளும் வகுப்பில் எல்லார் மீதும் எரிந்து விழுந்தேன். சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் இடைவேளையில் அவளே அழைத்தாள்.

"அக்கா, மன்னிக்கோணும், களத்திலை நிண்டனான். அது ஒரு கிணறு எண்டு எனக்குத் தெரியும். நான் போய்ப் பாத்து ஒண்டாத்தான் எண்ணினனான்."

"பிறகேன் என்ரை கட்டுரையைப் பாவிச்சனீங்கள்?"

"ரெண்டு தரம் எடுத்த அளவும் கிட்டத்தட்ட ஒண்டா இருந்தது. தெரியாமல் அளந்தும் ஒரே விடை வந்திருக்கு. அதைப் பாத்துத்தான் உங்கடை மற்ற அளவுகளையும் நம்பினனான். சொன்னால் வெக்கப்படுவியள் எண்டு எழுதாமல் விட்டிட்டன்."

நெஞ்சில் கிடந்த கல் அப்படியே இறங்கியது. மணி அடித்தும் வகுப்புக்குப் போகாமல், ஆசிரியர் அறையிலேயே இருந்து வெட்கமில்லாமல் அழுதேன். பக்கத்து மேசை ஆசிரியை பயந்துபோய், ஆருக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை ரீச்சர்," என்றேன். "என்ரை கட்டுரையை ஒருத்தி வாசிச்சிருக்கிறாள்."