எங்க மொச்சை, பதினாலு பை

குளிர் அறையிலிருந்து வெளியே வந்தால் மூக்குக் கண்ணாடி முழுக்கப் பனி மூடிவிடும். அது தெளியும்வரை சுவரில் சாய்ந்து நிற்பது முப்பத்திரண்டு வருடப் பழக்கம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உடம்பில் பழுப்பு ஸ்வெட்டர் இருக்கும். விதை வங்கியில் எல்லோருக்கும் அவர் 'ஸ்வெட்டர் அக்கா'. புதிதாக வந்த இயக்குநர் மட்டும் 'மேடம்' என்பார்.

அன்று கண்ணாடி தெளிந்தபோது எதிரே நின்றிருந்தது அந்த இயக்குநர்தான், கையில் ஒரு பட்டியலோடு. இரண்டு குளிர் அறைகளில் ஒன்று படுத்துவிட்டது. மெக்கானிக் கைவிரித்துவிட்டார். இரண்டு அறைப் பைகளையும் ஒன்றில் அடைக்க வேண்டும். அதனால் ஒரே இரகம் இரண்டு முறை இருந்தால் ஒன்றைக் கழிப்பது என்று முடிவாகி, எவை எவை என்று கணினி பொறுக்கிக் கொடுத்திருந்தது.

"மேடம், மொச்சையில பதினாலு பை. ஒரே பேரு, ஒரே நிறம், ஒரே வட்டாரம். ஒண்ணை வச்சுக்கிட்டு பதிமூணைக் கழிச்சிடலாம். உங்க கையெழுத்து போதும்."

பெயர் என்ற இடத்தில் பதினாலு வரியிலும் 'எங்க மொச்சை' என்று இருந்தது. அதை எழுதியது அவரேதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், விதை சேகரிக்க ஊர் ஊராக அலைந்த காலம். கையிலிருந்த படிவத்தில் ஐந்தாவது கட்டம் 'உள்ளூர்ப் பெயர்'. அதைக் காலியாக விட்டால் அப்போதைய மேலதிகாரி படிவத்தை முகத்திலேயே திருப்பி எறிவார். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் அக்கா "இதுக்கு என்ன பேரு?" என்று கேட்பார். கேட்கப்பட்டவர்கள் விழிப்பார்கள். ஒரு பெண்மணி சிரித்தேவிட்டாள். "மொச்சைக்குப் போய்ப் பேரா? இது எங்க மொச்சை. அடுத்த வீட்ல இருக்கிறது அவங்க மொச்சை. நீ என்னம்மா, உங்க வீட்டுத் துடைப்பத்துக்கும் பேர் வச்சிருக்கியா?" இருபத்தாறு வயதுக்காரிக்கு அந்தக் கேலி உறைக்கவில்லை. 'எங்க மொச்சை' என்று குண்டு குண்டாக எழுதிக்கொண்டார். இப்படிப் பதினாலு வீடு.

"அது பேரு இல்ல சார்," என்றார் இயக்குநரிடம். "நான் செஞ்ச தப்பு."

"தப்போ சரியோ, வேற வேறன்னு காட்டணும்ல? மரபணுச் சோதனைக்கு எட்டு மாசம் வரிசை. நீங்க அஞ்சு மாசத்துல ஓய்வு."

"விதைச்சுக் காட்டுறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, வீடு திரும்பும் வழியில் ஏன் சொன்னோம் என்று இருந்தது. பேசாமல் கையெழுத்துப் போட்டிருக்கலாம். முட்டி வலிக்குப் போட்ட பட்டை வேறு பேருந்தில் நழுவிக்கொண்டே வந்தது.

கணவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "முப்பது வருஷத்துக்கு முன்னாடி போட்ட தப்புக் கணக்கை இப்போ அழிச்சுப் போடப் போறே. பரீட்சை முடிஞ்சு மணி அடிச்சாச்சும்மா," என்றார்.

"பேப்பரை இன்னும் வாங்கலையே," என்றபடி பட்டையை அவிழ்த்தார்.

விதை உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அதை முளைக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். முளைத்த விதையைத் திரும்பப் பைக்குள் வைக்க முடியாது. அறிவதும் காப்பதும் இப்படி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. விதை குறைவாக இருந்த பைகளை அதனாலேயே பல வருடங்களாக அவர் சோதிக்காமல் ஒத்திப்போட்டு வந்திருந்தார். பதினொன்றாம் எண் பையில் மொத்தமே இருபத்திரண்டு விதை. பாதியை வைத்துக்கொண்டு பாதியை விதைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தார். எப்படியும் கழிக்கப் போகிற பை. மற்றவற்றில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, இதை மட்டும் மொத்தமாக, ஈரத் தாளில் சுருட்டி வைத்தார்.

பத்து நாளில் தெரிந்துவிட்டது. இரண்டு பைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. செத்ததை எத்தனை வருடமாகக் காவல் காத்தோம் என்பது அவருக்கே தெரியவில்லை. பதினொன்றாம் எண் பையில் ஒன்பது விதை முளைத்தன.

நிலத்தில் நட்டுப் பந்தலில் ஏற்றியதெல்லாம் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற பெண். வாய்த்துடுக்குக்காரி.

"அக்கா, எல்லாம் ஒரே மூஞ்சியா இருக்கே. ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி."

"பூக்கட்டும், பார்ப்போம்."

பூத்தது. பன்னிரண்டு பாத்தியில் ஒன்பதில் அதே ஊதாப் பூ, அதே நாளில், அதே காய். நாளேட்டில் பதிந்துகொண்டே வந்தவர் ஒன்பதாவதில் பேனாவை மூடிவிட்டார். இயக்குநர் சொன்னது பெரும்பாலும் சரிதான். 'விதைச்சுக் காட்டுறேன்' என்ற வாயை இப்போது எங்கே வைத்துக்கொள்வது? ஒரு பாத்தியில் மட்டும் வெள்ளைப் பூ. இன்னொன்றில் காயின் விளிம்பில் சிவப்புக் கோடு. பதினொன்றாம் எண் பூக்கவே இல்லை. இலையும் கொடியுமாகப் பந்தலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"இது வெறும் ஜம்பம்க்கா," என்றாள் தோட்டக்காரி.

ஓய்வுக்கு நாலு நாள் இருக்கும்போது இயக்குநர் நிலத்துக்கே வந்தார். ஊதா ஒன்பதில் எட்டைக் கழிக்கவும், செத்த இரண்டைக் கழிக்கவும் அக்கா மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெள்ளையும் சிவப்புக் கோடும் தங்கின.

"இது?" என்று இயக்குநர் பதினொன்றைக் காட்டினார். "பூவே இல்லையே மேடம். எதை வச்சு வேறன்னு சொல்றீங்க?"

"பூக்காததை வச்சுத்தான். மத்ததெல்லாம் பூத்துக் காய்ச்சு முடிஞ்சாச்சு. இது பகல் நேரம் இன்னும் குறைஞ்சாதான் பூப்பேன்னு நிக்குது. இதோட ஒரு விதைகூட உள்ள இல்ல சார். எல்லாத்தையும் நான்தான் மண்ணுல போட்டுட்டேன்."

இயக்குநர் தரையில் தொங்கிய கொடி நுனியை எடுத்துப் பந்தல் மேல் விட்டார். "அடுத்த விதைப்புக்கு நிலம் வேணும். அதுவரைக்கும் நிக்கட்டும்," என்றார்.

கடைசி நாள் கணினி முன் உட்கார்ந்து, குளிர் அறையில் மீந்த மூன்று பைகளின், அதாவது ஊதாவில் ஒன்று, வெள்ளை, சிவப்புக் கோடு, பெயரைத் திருத்தினார். கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்கவில்லை. அந்தப் பழைய மேலதிகாரி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது போல. 'தெரியாது' என்று அடித்தார். உடனே திரையில் ஒரு கேள்வி வந்தது: இந்தப் பெயரில் 212 பைகள் உள்ளன. இதுவும் அதே இரகமா?

ஆக, தெரியாது என்று பதில் வந்ததையும் பெயர் என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை. மூன்று பைக்கும் மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் 'இல்லை'யை அழுத்தினார். 212 வரிப் பட்டியலை அச்செடுத்து, 'பெயரை நம்ப வேண்டாம்' என்று மேலே எழுதி, இயக்குநர் மேசையில் வைத்தார்.

பிறகு நிலத்துக்கு நடந்தார். பதினொன்று பச்சையாக நின்றது. பூ இல்லை.

"பூத்தா போன் பண்றேன்க்கா," என்றாள் தோட்டக்காரி.

"பூவுக்கெல்லாம் பண்ணாதே. காய் முத்தி, காயவச்சு, எண்ணிட்டு அப்புறம் பண்ணு."