மைக் இல்லாத கச்சேரியும் திறந்த கதவும்

1. ஒத்திகை

சின்னாளபட்டியில் எங்கள் குழுவின் முதல் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள், நெசவாளர் ராமலிங்கம் மண்டபத்துக்குள் வந்து சுற்றிலும் பார்த்தார்.

"மைக் செட்டு எங்கம்மா?"

நான் குழுவின் மேடை ஒருங்கிணைப்பாளர். ஒலிபெருக்கி கிடையாது என்றேன். இரண்டு வயலின், அதே இனத்தில் சற்றுப் பெரிய ஒரு வயோலா, அடிக்குரலில் ஒலிக்கும் ஒரு செல்லோ. ஓர் அறைக்குள் கேட்கும் அளவுக்கே வாசிப்பு. அதனோடு நடனம், நடிப்பு, திரையில் நிழற்காட்சிகள்.

"வெளிய கேக்காது. லைட்டையும் அணைப்பீங்க, கதவையும் சாத்துவீங்க. அப்படி எதை மறைக்கிறீங்க?"

எங்கள் கதையின் நாயகியாக ஆடவிருந்த சுமதி அவருடைய மருமகள். அதுவே சுமதிக்கு முதல் மேடை.

"தறி ஓட்டுற பொம்பள கதைதான் மாமா. நீங்களே வந்து பாருங்க."

"வாரேன். ஆனா கதவு தொறந்து கெடக்கணும். சாத்துனா நீ ஆடப் போறதில்ல."

வெளியே பேருந்துச் சாலை. கதவைத் திறந்தால் இசை கேட்காது, நிழலும் வெளிறிவிடும். மறுத்தாலோ சுமதி வீட்டோடு நின்றுவிடுவார். ஒப்புக்கொண்டேன். ஆனாலும் நிகழ்ச்சியைக் குலைக்கவே அவர் வருகிறார் என்ற ஐயம் எனக்கு இருந்தது. மறுநாள் அவருக்குப் பின்னால் உட்காரும்படி விளக்குப் பொறுப்பாளரிடம் சொன்னேன்: "அவர் எந்திரிச்சா எனக்குச் சைகை காட்டுங்க."

2. நிகழ்ச்சி

ராமலிங்கம் வாசலருகே நாற்காலி போட்டு, சாலையையும் மேடையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மினிபஸ் ஹாரனில் முதல் வயலின் மூழ்கியது. தெருவிளக்கின் ஒளியில் திரை வெளுத்துக் கிடந்தது.

திரையில் இழைகள் அறுந்து விழும் காட்சி வந்தது. சுமதி ஆட்டத்தை நிறுத்தி, வெறும் விரல்களால் அவற்றை முடிச்சிடத் தொடங்கினார். துணைக்குச் செல்லோ மட்டும். அப்போது வெளியே இரண்டு பைக்குகள் உறுமின. ராமலிங்கம் எழுந்தார். சைகை வந்தது. மருமகளை இழுத்துப் போகத்தான் எழுகிறார் என்று நினைத்து, அவரைத் தடுக்க ஓடினேன்.

அவர் வெளியே தலையை நீட்டினார்.

"ஏலே! வண்டிய அங்கிட்டு கொண்டு போங்கடா. உள்ள எம்மருமக இழை முடிஞ்சுக்கிட்டு இருக்கா!"

பின்பு இரு கதவுகளையும் இழுத்துச் சாத்திவிட்டு, அவற்றில் முதுகைச் சாய்த்து நின்றார். அந்த இருளில்தான் செல்லோ முதன்முறையாக முழுவதும் கேட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் நன்றி சொன்னேன்.

"நம்பிட்டேன்னு நெனச்சுக்கிறாதம்மா. நாளைக்கும் தொறந்து வச்சுத்தான் ஆரம்பிக்கணும்."

அன்றிலிருந்து எந்த ஊரிலும் கதவைத் திறந்து வைத்தே தொடங்குகிறோம். சாத்துவதை வந்தவர்களிடம் விட்டுவிடுகிறோம். சில ஊர்களில் கடைசிவரை ஒருவரும் எழுந்து சாத்தியதில்லை; அங்கும் ஹாரன்களுக்கிடையே வாசித்து முடித்திருக்கிறோம்.